திரும்பி வந்த பிரதர்

அமலோற்பவத்துக்கு ஒரே மகன். அவனைச் சாமியாராகக் கொடுத்துவிட்டாள்.

மரக்காணத்தை அடுத்து, உப்பளங்களுக்கும் கழுவெளி ஏரிக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர் அவளுடையது. ஊரில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், பாதிப் பேர் இந்துக்கள். எல்லாருக்கும் வேலை உப்பளத்தில்தான். கணவன் மாரடைப்பில் போனபோது மகன் இருதயநாதன் சின்னப் பையன். பத்தாவது முடித்ததும் குருமடத்தில் சேரப் போகிறேன் என்று அவன் சொன்னான். அதைக் கேட்டு அவளுடைய அண்ணன் சண்டைக்கே வந்துவிட்டார்.

"ஒத்தப் புள்ளைய எவளாவது கோயிலுக்குக் குடுப்பாளா? நாளைக்கு உனக்குக் கஞ்சி ஊத்தறது யாரு?"

"ரெண்டு இருந்தா ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ண வச்சிக்கலாம். எங்கிட்ட ஒண்ணுதான் இருக்குது. அதத்தான குடுக்க முடியும்?" என்றாள் அவள்.

அதோடு அண்ணன் வாயை மூடிக்கொண்டார். வருடங்கள் ஓடின. இருதயநாதன் விடுமுறைக்கு வெள்ளை அங்கியோடு வருவான். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, ஊரே அவனை 'பிரதர்' என்றுதான் கூப்பிட்டது. 2006 கோடையில் குருப்பட்டம் என்று முடிவாகியிருந்தது. அமலோற்பவத்துக்கும் அதையொட்டி ஒரு கணக்கு இருந்தது. அவனை எந்த ஊர்ப் பங்குக் கோயிலுக்கு அனுப்பினாலும் கூடவே போய்விடுவது. சாமியார் வீட்டுச் சமையல்கட்டில் நின்று அவனுக்குச் சோறு ஆக்கிப் போடுவது. உப்புத் தண்ணீரில் நின்று வெடித்துப்போன காலுக்கு ஓய்வு கொடுப்பது. இதை அவள் வேலம்மாளைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. வேலம்மாள் பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஒரே அளத்தில் வேலை பார்த்தார்கள்.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. கடற்கரைப் பக்கத்து அளங்கள் சேறாகிப்போயின. குருமடத்திலிருந்து பிரதர்களை லாரியில் ஏற்றிப் பக்கத்துக் கடலோர ஊரான அனுமந்தைக்கு அனுப்பினார்கள். இருதயநாதனும் வந்தான். பிணங்களைத் தூக்கினான், கூடாரம் கட்டினான், அரிசி இறக்கினான். ஒரே ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட தட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டு, மறுபடியும் போனான்.

அடுத்து வந்த தவக்கால நோன்பு நாட்களில், குருமடத்துக் கோயிலில் முழங்காலில் இருந்தவன் அப்படியே சாய்ந்தான். கை கால் வெட்டியது, வாயில் நுரை தள்ளியது. வெயிலில் பட்டினி கிடந்ததால் வந்த மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மறுபடியும் வந்தது. பிறகு சாப்பாட்டு மேசையில் ஒரு தடவை. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, காக்காய் வலிப்பு என்றார்கள்.

இதெல்லாம் அமலோற்பவத்துக்குத் தெரியாது. ஜூன் மாதம் ஒரு வேலை நாளில், அவள் அளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது, இருதயநாதன் டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். சட்டையும் பேண்ட்டும் போட்டிருந்தான். பெட்டியைப் பார்த்ததுமே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. லீவுக்கு வருகிறவன் பையோடுதான் வருவான்.

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவன் எதையும் மறைக்காமல் வரிசையாகச் சொன்னான்.

"நோவுன்னா மாத்திரை போட்டா சரியாயிடும். அதுக்கு எதுக்குடா ஊட்டுக்கு அனுப்பணும்?"

"பூசை வைக்கறப்ப விழுந்தா என்னா பண்றதும்மா? சாகக் கெடக்கறவங்களப் பாக்கக் கூப்பிட்டா வண்டி எடுத்துக்கிட்டுத் தனியா போகணும். வழியில விழுந்தா? அவங்க சொல்றதுல தப்பில்ல. டாக்டருங்ககிட்ட கேட்டுட்டு, பிஷப்பும் பாத்துப் பேசிட்டுத்தான் முடிவு பண்ணாங்க."

"நீ ஒண்ணும் கேக்கலியா?"

"அழுதேம்மா. வேற என்னா கேக்கறது?"

அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தி சொல்லுகிற ஜெபமாலையை அவள் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

ஊருக்கு அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சிலர் பழக்கத்தில் பிரதர் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "தம்பி" என்றார்கள். எவளோ ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான், அதனால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அடுத்த வாரம் தெருக்குழாய்க்குப் பக்கத்தில் அவன் விழுந்ததும் அந்தப் பேச்சு நின்று வேறு பேச்சு வந்தது. கடல் கொண்டுபோன பிணங்களையெல்லாம் தொட்டுத் தூக்கினானே, அதில் ஒன்று பிடித்துக்கொண்டது என்றார்கள். வேலம்மாள் வந்து, அனுமந்தைப் பக்கம் ஒருத்தர் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார், போய்வரலாமா என்று கேட்டாள். அமலோற்பவம் வேண்டாம் என்றாள். ஆனால் கோபித்துக்கொள்ளவில்லை.

தைரியநாதன் என்று குருமடத்தில் கூடப்படித்தவன் ஒருவன் விசாரித்துக் கடிதம் எழுதினான். இருதயநாதன் பதில் போடவில்லை.

வேலை தேடினான். குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பில் உட்காரச் சேர்த்துக்கொண்டார்கள். அவனுடைய இங்கிலீஷ் அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஒருநாள், வந்து தங்கியவர்கள் கண்முன்னால் அவனுக்கு வலிப்பு வந்தது. மரியாதையாகவே பேசி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அளத்துக்காரர் தட்சணாமூர்த்திதான் ஒரு வழி சொன்னார்.

"வெயில்ல நிக்க வேணாம், தண்ணியில எறங்க வேணாம். கொட்டாயில உக்காந்து மூட்டை வாயத் தச்சிக் குடு தம்பி. விழுந்தாலும் சாக்கு மேலதான விழுவ?"

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. அவன் சரி என்றான். கோணி ஊசியும் சணலுமாக நாள் முழுதும் மூட்டை தைத்தான். அமலோற்பவம் தலையில் உப்புக் கூடையோடு கொட்டகைக்கு வரும்போதெல்லாம் அவனைப் பார்க்காத மாதிரி கொட்டிவிட்டுத் திரும்புவாள். லத்தீனும் இங்கிலீஷும் படித்தவன். பூசை வைக்க வேண்டியவன்.

ஒருநாள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது வேலம்மாளிடம் சொன்னாள்.

"சாமிக்குன்னு ஆடு நேந்து உட்டுட்டு, கொண்டும்போயி நிறுத்தறோம். இது ஊனம், வேணாம்னு பூசாரி திருப்பி ஓட்டி உட்டா எப்படி இருக்கும்? அப்படி இருக்குது வேலம்மா எனக்கு."

வேலம்மாள் உப்பு வாரும் பலகையை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"ஆடு பொழச்சிச்சில்ல யக்கா? அத நெனச்சிக்க."

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆறுதல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள். போகாவிட்டால் ஊர் பேசும். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பூசையில் கொடுக்கிற நன்மை அப்பத்தை வாங்காமல் எழுந்து வந்தாள்.

ஐப்பசி மழை ஆரம்பித்தது. அளத்தில் வேலை நின்றது. ஒரு சாயங்காலம் இருதயநாதன் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"நீயும் சொல்லேம்மா."

"நீ சொல்லிக்க. எனக்கு அவருகிட்ட பேச ஒண்ணுமில்ல."

"ஏம்மா?"

"குடுத்தத வேணான்னுட்டாரு. நல்லா இருந்தப்ப எடுத்துக்கிட்டு, நோவு வந்ததும் அனுப்பிட்டாரு. ஒரு மனுசன் இப்படிச் செஞ்சா அவங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுவமா?"

அவன் மணிகளை விரலில் தள்ளிக்கொண்டிருந்தான்.

"எனக்கும் கோவந்தாம்மா. உங்கிட்ட சொல்லல. கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு என்னா சொல்லணும்னு அங்க வருசக்கணக்கா படிச்சேன். அத எனக்கு நானே சொல்லிப் பாத்தா ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது."

"அப்பறம் எதுக்கு தெனமும் இத உருட்டிக்கிட்டு இருக்கற?"

"கோவத்தையும் அவருகிட்டதான சொல்லணும்? வேற யாருகிட்ட போயி சொல்றது?"

அவன் தனியாகச் சொல்லி முடிக்கும்வரை அவள் எழுந்து போகவில்லை.

அந்த வருட மழை லேசில் விடவில்லை. நவம்பர் கடைசியில் ஒரு புயல் சின்னம் போய் இன்னொன்று வந்தது. கழுவெளி நிரம்பி, மரக்காணத்துக்குப் போகிற ரோடு இடுப்பளவு தண்ணீருக்கு அடியில் போனது. இருதயநாதனுக்கு மாதாமாதம் ஆஸ்பத்திரியில் வாங்குகிற மாத்திரை தீர்ந்துவிட்டது. போய் வாங்க வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் மரியசூசை செத்துப்போனான். உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றுகிற ஆள், நாற்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் காமாலை முற்றியிருந்தது. தண்ணீர் வடிந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று இருந்தார்கள். விடியற்காலையில் போய்விட்டான். அவன் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. உடலைக் கட்டிலில் போட்டு, கட்டிலைச் செங்கல்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். அன்றைக்கே அடக்கம் செய்தாக வேண்டும்.

தட்சணாமூர்த்தியின் கிடங்கில் இருந்த போன் மட்டும் வேலை செய்தது. அதிலிருந்து மரக்காணம் பங்குச் சாமியாருக்குப் பேசினார்கள். அவர் கிளம்பிப் பாதி தூரம் வந்து, தண்ணீரின் வேகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தார். இருதயநாதனைப் போனுக்குக் கூப்பிட்டார்.

"கல்லறைய நான் அப்பறமா வந்து தீர்த்தம் தெளிச்சி மந்திரிக்கிறேன். வேண்டுதல் நீ சொல்லிடு நாதா. சாமியார் வர முடியாதப்ப பட்டம் வாங்காத பொதுநிலையினரும் செய்யலாம். உனக்குத் தெரியாதது இல்ல."

"ஃபாதர், நான் மாத்திரை போட்டு ரெண்டு நாளாச்சு. என்னால முடியாது."

"நான் கட்டாயப்படுத்தல. பாத்துக்க," என்று அவர் வைத்துவிட்டார்.

அவன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் மரியசூசையின் மனைவி செசிலி, முழங்காலுக்கு மேலே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் நடந்து வந்தாள். துக்க வீட்டுக்காரி படியேறி வருவதைப் பார்த்து அமலோற்பவம் பதறி எழுந்தாள்.

"பிரதர் வரணும்," என்றாள் செசிலி. மறக்காமல் பிரதர் என்றே சொன்னாள்.

"அவனால ஆகாது செசிலி. மாத்திரை இல்ல. நடுவுல விழுந்துட்டான்னா உங்க ஊட்டு அடக்கம் கெட்டுப்போயிடும். அத்தன பேரு முன்னால அவனும்..." அமலோற்பவத்தால் முடிக்க முடியவில்லை.

"விழுந்தா விழட்டும். தூக்கறதுக்கு நாங்கெல்லாம் இல்லியா?" என்றாள் செசிலி. "அந்த மனுசன் ஆயுசு பூரா மூட்டை தூக்குனாரு. ஒரு வார்த்த ஜெபம் இல்லாம நாய் பூனைய பொதைக்கற மாதிரி பொதைக்கச் சொல்றியா யக்கா?"

இருதயநாதன் எழுந்தான். டிரங்குப் பெட்டியைத் திறந்து பைபிளை எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அமலோற்பவம் அவன் பின்னாலேயே இறங்கினாள்.

சவப்பெட்டிக்கு எங்கேயும் போக முடியவில்லை. பழைய கதவு ஒன்றை அறுத்து அடித்திருந்தார்கள். கல்லறை, ஊருக்குக் கிழக்கே பனைமரங்களுக்கு நடுவில் மேடான இடத்தில் இருந்தது. மேடுதான் என்றாலும் குழிக்குள் ஊற்று கிளம்பியது. இரண்டு பேர் உள்ளே நின்று வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். மழை தூறலாக விழுந்தது. கிறிஸ்தவர்கள், இந்துக்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தட்சணாமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்றார்.

இருதயநாதன் சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பித்தான். குரல் முதலில் எழும்பவில்லை, போகப்போகச் சரியானது. ஒருவர் குடை பிடிக்க, பைபிளில் லாசரு இறந்த பகுதியை வாசித்தான். லாசருவின் சகோதரிகள் அழுவதைப் பார்த்து, கல்லறைக்குப் போகிற வழியில் இயேசுவும் அழுதார் என்கிற இடம் வந்தது. அதை வாசித்துவிட்டு நிறுத்தினான். மேலே வாசிக்கவில்லை. அமலோற்பவத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் பாய்ந்து போவதற்குள் அவன் விழுந்தான்.

நல்லவேளை, பின்னால் நின்றவர்கள் பிடித்துப் படுக்கவைத்துவிட்டார்கள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அமலோற்பவம் சேற்றில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வாங்கி, டாக்டர் சொல்லியிருந்தபடி ஒருக்களித்துத் திருப்பினாள். வேலம்மாள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தாள். அதனால் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் அமலோற்பவம் தடுக்கவில்லை.

குழிக்குள் வாளி மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. இறைப்பதை நிறுத்தினால் குழி நிரம்பிவிடும். பெட்டி கயிற்றின்மேல் காத்திருந்தது. செசிலி பெட்டியையும் இருதயநாதனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் அமலோற்பவத்துக்கு முதலில் தோன்றியது. ஆனால் அவன் இழுப்பு அடங்குகிறவரை எழுந்திருக்க முடியாது. எல்லாரும் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்து செத்த வீடுகளில் சொல்லிச் சொல்லி வாயில் நின்றது மட்டும்தான் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். இறந்தவர்களின் இளைப்பாறுதலுக்காக வேண்டுகிற மந்திரத்தின் முதல் பாதியைச் சொன்னாள். ஆறு மாதமாக அவள் எந்த ஜெபமும் சொல்லியிருக்கவில்லை. குரல் கரகரத்தது.

பதில் பாதியைச் செசிலி சொன்னாள். அடுத்த தடவை எல்லாரும் சொன்னார்கள். அமலோற்பவம் பரலோக மந்திரத்துக்குப் போனாள், அருள்நிறைந்த மந்திரத்துக்குப் போனாள், முறை மாறியிருக்கலாம், யாரும் திருத்தவில்லை. ஒரு கையால் மகனின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பாதியில் ஒரு கட்டத்தில், இது மரியசூசைக்காகச் சொல்கிறோமா, மடியில் கிடக்கிறவனுக்காகச் சொல்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

இழுப்பு நின்றது. அவன் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பார்த்தான். தூறல் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு பெட்டியைப் பார்த்தான். எழுந்திருக்க முயன்றான். இரண்டு பக்கமும் இரண்டு பேர் தோளில் கைபோட்டு நிறுத்தினார்கள்.

"எதுல உட்டேன்?" என்று கேட்டான். நாக்கு தடித்திருந்தது.

"இயேசு அழுதாருன்னு சொல்லி நிறுத்திட்டீங்க," என்றாள் செசிலி.

பைபிள் சேற்றில் விழுந்து நனைந்திருந்தது. அவன் அதைத் திறக்கவில்லை. "கல்லப் பொரட்டுங்கன்னு சொன்னாரு. செத்த லாசரு உசுரோட வெளிய வந்தான்," என்று மிச்சத்தைத் தன் வார்த்தையில் சொல்லி முடித்தான். பெட்டியை இறக்கினார்கள். அவன் முதல் பிடி மண்ணைப் போட்டான். அது மண்ணாக இல்லை, சேறாக இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் பங்குச் சாமியார் வந்து கல்லறையை மந்திரித்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தான் வர முடியாத ஞாயிறுகளில் கோயிலில் ஜெபத்தை நடத்தும்படி இருதயநாதனிடம் சொன்னார். அவன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். ஆனால் அடுத்த ஞாயிறே நடத்தினான். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். வலிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. கோயிலில் ஒரு தடவை வந்தது. முன்வரிசைப் பெண்கள் எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டார்கள், மற்றவர்கள் பாட்டை முடித்தார்கள். தை பிறந்து அளத்தில் தண்ணீர் கட்டியதும் அம்மாவும் மகனும் வேலைக்குப் போனார்கள். அமலோற்பவம் அவனோடு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

2006 மே மாதம் தைரியநாதனுக்குக் குருப்பட்டம். செஞ்சிப் பக்கம் அவனுடைய சொந்த ஊரில். பத்திரிகை வந்ததும், போக வேண்டாம் என்றுதான் அமலோற்பவம் நினைத்தாள். "போகலாம்மா," என்றான் இருதயநாதன். அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்தாள்.

பட்டம் பெறுகிறவன் சடங்கின்படி பீடத்துக்கு முன்னால் குப்புற விழுந்து கிடக்க, மக்கள் புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வேண்டுகிற அர்ச்சிஷ்டவர்களின் பிரார்த்தனையைப் பாடினார்கள். அந்த நேரத்தில் அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருதயநாதன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் அழுகையை நிறுத்தி, அவனோடு சேர்ந்து பதில் சொன்னாள். முடிந்ததும் புதுச் சாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நண்பனைக் கட்டிப்பிடித்தார். அவளுக்கு ஆசீர்வாதம் கொடுத்தார், வாங்கிக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டு மத்தியானமே திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினார்கள். மாத்திரை அசதியில் இருதயநாதன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். அமலோற்பவத்துக்கு மறுபக்கம் பூக்கூடையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

"பையனா? என்னா பண்றாரு?"

அமலோற்பவம் கொஞ்சம் யோசித்தாள்.

"அளத்துல மூட்டை தைக்கறான்," என்றாள். "ஞாயித்துக்கெழம எங்க கோயில்ல ஜெபம் சொல்லுவான். யாராச்சும் செத்துட்டாலும் இவனத்தான் கூப்புடுவாங்க. அப்பப்ப வலிப்பு வரும்."

"ஐயோ. மாத்திரை சாப்புடறாரா?"

"சாப்புடறான்."

"எங்க நாத்தனாருக்கும் இருக்குது," என்றாள் அந்தப் பெண். பிறகு திண்டிவனம் வரும்வரை அவளுடைய நாத்தனார் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அமலோற்பவம் எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று விசாரித்துக் கேட்டுக்கொண்டாள். பஸ் நின்றதும் மகனின் தோளைத் தட்டி எழுப்பி, மரக்காணம் பஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னாள்.